தண்ணிக்குத்து என்ற பெயர் யாருடையது

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வல்லிநாயகம் ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, எனக்கு முன்னால் பேசி அமர்ந்த பிரசவ ஆஸ்பத்திரித் தாதி ஞானபாக்கியம் அம்மா அவர்களே, தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரங்களிலிருந்து வந்திருக்கும் நண்பர்களே, இலத்தூர் தாண்டி ஆலங்கிணற்றிலிருந்து சாரலில் நனைந்து வண்டி கட்டி வந்து நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஊர் மக்களே, பெண்கள் பக்கத்தில் தூணோரம் அமர்ந்திருக்கும் உலகம்மை மதினி அவர்களே, உங்கள் எல்லோருக்கும் நாறும்பூநாதனின் வணக்கம்.

எனக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் ஆளுக்கு இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே நானும் எடுத்துக்கொள்வேன். தலைவர் மணியை அடிக்க வேண்டாம் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன். நான் பேச்சாளன் அல்ல. சுகாதார இலாகாவில் ஹெல்த் இன்ஸ்பெக்டர். எனக்குத் தெரிந்த தமிழெல்லாம் கட்டம் போட்ட தாளில் எழுதுகிற தமிழ். நடந்தது என்ன, எந்தத் தேதி, பொறுப்பு யார்? இந்த மூன்று கேள்விக்கு மேல் எனக்கு எழுதத் தெரியாது. இன்றைக்கும் அந்த மூன்று கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை காலமான சிவனணைந்தபெருமாள் அவர்கள் யார்? மந்திரியா? மிட்டாதாரா? ஒன்றும் இல்லை. இருபத்தொன்பது வருஷம் அம்மை குத்துகிற உத்தியோகம் பார்த்தவர். அதே உத்தியோகத்தில் சேர்ந்தார், அதே உத்தியோகத்தில் கண்ணை மூடினார். ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்த மண்டபத்தில் இருக்கிறவர்கள் சட்டைக் கையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தால், அந்த வட்டத் தழும்பை வைத்தவர் யார்? உங்கள் பிள்ளைக்கு வைத்தவர் யார்? பிள்ளை அழுதபோது, “அழுதுக்கோ ராசா, நாளைக்கு ஒங்கம்மா அழாம இருக்கணும்லா” என்று சொன்னவர் யார்? இத்தனை பேர் உடம்பில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன இன்னொரு மனிதர் நம் தாலுகாவில் உண்டா?

அவருடைய வேலை முறையைச் சொல்ல வேண்டும். அம்மை குத்துகிறவர்கள் எல்லோரும் குத்துவார்கள். கண்ணாடிக் குழாயில் வருகிற அம்மைப்பாலில் ஒரு சொட்டைத் தோலில் விட்டு, குத்துகிற கருவியை வைத்துத் திருகி, பெயரை எழுதிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். பெருமாள் அண்ணாச்சி எட்டாம் நாள் திரும்பி வருவார். செவ்வாய்க்கிழமை குத்தினால் அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த வாசலில் நிற்பார். மழையா, பெருமாள் வருவார். ஊரில் கோயில் கொடையா, பெருமாள் வருவார். வந்ததும் சேமம் விசாரிக்க மாட்டார், தண்ணீர் கேட்க மாட்டார். ஒரே பேச்சுத்தான். “கையைக் காட்டு.”

குற்றால சீசனில் ஒருமுறை எண்ணெய் வழிய வழிய அருவிக்கு ஓடிக்கொண்டிருந்த ராயகிரிப் பெரிய மனிதர் ஒருவரைப் பாதையில் மறித்துவிட்டார். அவர் கோபமாக, “வே, குளிச்சிட்டு வாரேம்வே” என்றார். அண்ணாச்சி நகரவில்லை. “குளிச்சிட்டு நீங்க பஸ் ஏறிருவிய. எட்டு நாளுக்கு முந்தி குத்துனேன். கையைக் காட்டிட்டுப் போயி நாள் பூரா குளிங்க.” அந்த மனிதர் எண்ணெய்க் கையைத் துடைத்துக் காட்டிவிட்டுத்தான் அருவிக்குப் போனார்.

எதற்கு இந்தப் பிடிவாதம்? அங்கேதான் இந்த மனிதரின் அறிவு இருக்கிறது. நாம் குத்துவது மருந்து என்று நினைக்கிறோம். அண்ணாச்சி அப்படி நினைக்கவில்லை. “ஸார், நாம போடுததுல பாதி வேலைதான் நடக்கு. மிச்ச வேலையை அவன் ஒடம்பு செய்யணும். செஞ்சுதான்னு பாக்க வேண்டாமா?” என்பார்.

உடம்பு என்ன வேலை செய்கிறது என்பதை அவர் விளக்கியதை நான் கூட இருந்து கேட்டேன். கேட்டவர் சங்கிலிப்பாண்டி. ஆலங்கிணற்றுக்காரர். செங்கோட்டை செக்போஸ்ட்டில் தடுப்புக் கம்பை ஏற்றி இறக்குகிற காவல் வேலை. நாலாவது வரிசையில் இருக்கும் வள்ளித்தாயின் கணவர். அப்போதெல்லாம் ஆலங்கிணறு கை நீட்டாத ஊர். குத்தினால் அம்மன் கோவித்துக்கொள்வாள் என்று ஆறு வருஷம் எங்களைத் திருப்பி அனுப்பிய ஊர். அண்ணாச்சி ஒருநாளும் அம்மனைப் பழித்துப் பேசியதில்லை. “ஒடம்புக்குள்ள காவல் வச்சதே அவதான தாயி. நான் அதைத் தட்டி எழுப்பி விடுதேன், அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு அடுத்த மாதம் மறுபடியும் போய் நிற்பார்.

அன்றைக்கு செக்போஸ்ட்டில் சங்கிலிப்பாண்டி மடக்கினார். “அண்ணாச்சி, நல்லா இருக்க ஒடம்புல கொண்டுபோயி சீக்கை விடுதியளே, இது எந்த ஊரு நியாயம்?”

“ஏலே சங்கிலி, இந்தக் கம்பைத் தாண்டி அரிசி கடத்துதானுவளே, அவனுவளை எப்படிப் புடிக்கிய?”

“மூஞ்சி தெரிஞ்சவன்னா புடிச்சிருவோம். புது ஆளுன்னா மொதத் தடவை கோட்டை விட்டுருவோம்.”

“அவன் மறுதடவை வந்தா?”

“முண்டாசு கட்டி வந்தாலும் விடமாட்டோம், முக்காடு போட்டு வந்தாலும் விடமாட்டோம்.”

“அதைத்தாம்லே ஒடம்பும் செய்யுது. ரெத்தத்துல காவக்காரனுவ சுத்திக்கிட்டே இருக்கானுவ. புதுச் சீக்கு உள்ள வந்தா, இவன் யாரு, இவனை எதை வச்சுக் கட்டணும்னு கண்டுபிடிக்கவே அவனுவளுக்கு எட்டு பத்து நாளாவும். பெரியம்மை அதுக்குள்ள வீட்டையே சூறையாடிரும். நான் போடுத அம்மைப்பாலு அந்தத் திருடனுக்குத் தம்பி. அதே மூக்கு, அதே முழி. ஆனா பெலம் கிடையாது. கையில ஒரு கொப்புளத்தைப் போட்டுட்டு அடங்கிருவான். காவக்காரனுவ அவனை வச்சு மூஞ்சியைப் படிச்சுக்கிடுவானுவ. பொறவு அண்ணன்காரன் வந்தா வாசல்லயே அமுக்கிருவானுவ.”

“அக்குள்ல நெறி கட்டுதுன்னு சொல்லுதாவளே?”

“அங்கன ஒரு ஸ்டேஷன் இருக்குல்லா. ஆளு கூடுதுன்னு அர்த்தம். நெறி கட்டுனா சந்தோசப்படு.”

 சங்கிலிப்பாண்டி சிரித்தார். “தம்பியைக் காட்டி அண்ணனைப் புடிக்கிய. சரி, எங்க ஊருக்கு வாங்க. நான் சொல்லுதேன்.” ஆறு வருஷம் மூடிக் கிடந்த ஊரைத் திறந்துவிட்டவர் அவர்தான். இதை மறந்துவிடாதீர்கள். நான் மறக்கவில்லை.

எனக்கு முன்னால் பேசிய ஞானபாக்கியம் அம்மா அண்ணாச்சியின் பட்டப்பெயரைச் சொன்னார்கள். தண்ணிக்குத்து அண்ணாச்சி. ஐம்பத்தெட்டாம் வருஷம் கெட்டுப்போன அம்மைப்பாலை ஒரு ஊருக்கே குத்தவைத்ததால் வந்த பெயர் என்றும், யார் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அவர் கோபிக்காமல் சிரிப்பார் என்றும் சொன்னார்கள். பாசத்தோடுதான் சொன்னார்கள். குறை சொல்லவில்லை. மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஒன்பது வருஷமாகச் சிரித்துப் பழகிய வாய். ஆனால் நாலாவது வரிசையில் ஒருவர் சிரிக்கவில்லை. அதை மேடையிலிருந்து பார்த்தேன். உண்மையைச் சொல்லத் தைரியம் வராவிட்டால் படிக்கலாம் என்று எழுதிக்கொண்டு வந்த தாளை இனி என்னால் படிக்க முடியாது. மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

நடந்தது என்ன? ஐம்பத்தெட்டாம் வருஷம், ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஆலங்கிணறு முதன்முதலாகக் கை நீட்டுகிற நாள். அண்ணாச்சிக்குக் காய்ச்சல், லீவு. நான் அவருக்கு மேலதிகாரி. வயதில் இரண்டு வருஷம் இளையவன், உத்தியோகத்தில் ஒரு படி மேலே. ஆறு வருஷமாக அவரால் முடியாத ஊரை நான் ஒரே நாளில் முடித்துக் காட்டுகிறேன் என்று ஒரு பெருமை எனக்கு. அண்ணாச்சி தன் வீட்டு நடையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து, ஈரத்துணி சுற்றிய அம்மைப்பால் டப்பாவை என் கையில் தந்தார். “ஸார், வெயில் படாம, சூடு படாமப் பாத்துக்கிடுங்க. சூடு பட்டா செத்துரும். குழாயைப் பாத்தா தெரியாது, அதே மாதிரிதான் இருக்கும்.”

எனக்குத் தெரியாதா? நான் அதைப் பரீட்சை எழுதித் தேறியவன். தலையாட்டிவிட்டுக் கிளம்பினேன்.

அருவியில் நல்ல தண்ணீர் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். சாரல் வேறு. காலையில் ஒரு குளியல் போட்டுவிட்டு செங்கோட்டை வழியாகப் போய்விடலாம் என்று குற்றாலத்தில் இறங்கிவிட்டேன். பையில் டப்பாவும் இருந்தது, ரிஜிஸ்தரும் இருந்தது. சாரலில் ரிஜிஸ்தர் நனைந்தால் மேலிடத்துக்கு யார் பதில் சொல்வது? ஆகவே ஒரு காப்பிக் கடையில், “பை நனையாம வையுமய்யா” என்று கொடுத்தேன். கடைக்காரர் நல்ல மனிதர். இருந்ததிலேயே காய்ந்த இடத்தில் வைத்தார். அடுப்புக்கு மேலே இருந்த பலகையில். நான் இரண்டு மணி நேரம் குளித்தேன். வந்து பார்த்தேன். ரிஜிஸ்தர் மொரமொரவென்று இருந்தது. ஈரத்துணியும் காய்ந்துபோயிருந்தது. கடைக்காரருக்கு நன்றி சொல்லிவிட்டு, துணியை நனைத்துச் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். காகிதத்தைக் காப்பாற்றினேன். அம்மைப்பாலைக் கொன்றுவிட்டேன். எப்பேர்ப்பட்ட அதிகாரி பாருங்கள் நான்.

அன்றைக்கு ஆலங்கிணற்றில் நூற்று அறுபத்திரண்டு பேருக்குக் குத்தினேன். முதல் கை சங்கிலிப்பாண்டியின் கை. இரண்டாவது வள்ளித்தாய். மூன்றாவது அவர்களுடைய ஒன்பது மாதப் பெண் குழந்தை முப்பிடாதி.

அண்ணாச்சியைப் போலவே எட்டாம் நாளும் போனேன். ஒரு கையிலும் ஒன்றும் இல்லை. கொப்புளம் இல்லை, சிவப்பு இல்லை. கீறல் ஆறிப்போய் மொழுமொழுவென்று இருந்தது. சங்கிலிப்பாண்டி, “என்ன ஸார், நெறி கூடக் கட்டலையே” என்று கேட்டார். அந்த ஊரில் இருபது முப்பது பேருக்குச் சின்ன வயதில் அம்மை போட்டு ஆறிய தழும்பு முகத்தில் இருந்தது. அவர்களுக்குப் பெரிதாக எழும்பாது என்று படித்திருக்கிறேன். மற்றவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊரைக் கூட்டிவைத்து, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இந்த வாயால் சொன்னேன். “பயப்படாதீங்க. ஒங்க ஒடம்புல எல்லாம் ஏற்கெனவே காவல் இருக்கு. பெரியம்மை ஒங்களை ஒண்ணும் செய்யாது.” ரிஜிஸ்தரில் நூற்று அறுபத்திரண்டு பெயருக்கும் நேராக, எதிர்ப்புச் சக்தி உள்ளது என்று முத்து முத்தாக எழுதினேன்.

வியாழக்கிழமை அண்ணாச்சி வேலைக்கு வந்தார். ரிஜிஸ்தரைப் புரட்டினார். மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார். பிறகு என் மேஜைக்கு வந்து நின்றார்.

“ஸார், வள்ளித்தா புள்ளைக்கு வயசு என்ன?”

“ஒன்பது மாசம்னு எழுதியிருக்கம்லா.”

“அந்தப் புள்ளைக்குக் காவல் எங்கன இருந்து ஸார் வந்துச்சு? அதுக்கு முந்தி எப்பக் குத்துனோம்? எப்ப அம்மை போட்டுச்சு?”

 அவரே தொடர்ந்தார். “காவல் இருக்க ஒடம்பு சும்மா இருக்காது ஸார். தெரிஞ்ச மூஞ்சியைக் கண்டா ரெண்டு மூணு நாள்லயே சின்னதா ஒரு தடிப்பு, ஒரு அரிப்பாவது காட்டிட்டுத்தான் அடங்கும். ஒண்ணுமே இல்லைன்னா ஒண்ணுமே நடக்கலைன்னு அர்த்தம். பதினாலு கைக்குழந்தை ஸார். பதினாலு கையும் வெறுங்கை.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? சொல்லவே கூசுகிறது. “விடும்வே பெருமாள். ஆறு வருசம் கெஞ்சிக் கை நீட்ட வச்சிருக்கோம். போயி, போட்டது தண்ணின்னு சொன்னா இனி ஒருத்தன் நீட்டுவானா? ரெண்டு மாசம் கழிச்சு மறுகுத்துன்னு சொல்லிக் குத்திருவோம்.” ஊர் நன்மைக்காகச் சொன்னது போல இருக்கிறதல்லவா? இல்லை. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. அதற்காகச் சொன்னேன்.

அண்ணாச்சி சத்தம் போடவில்லை. அவர் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. “அவங்க பயந்துக்கிட்டு இருந்தா நான் ரெண்டு மாசம் பொறுப்பேன் ஸார். தைரியமா இருக்காங்களே. அதான் எனக்குப் பயமா இருக்கு.”

வெள்ளிக்கிழமை இருவரும் போனோம். போகிற வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னிடம் ஒன்று சொன்னார். “ஸார், நீங்க வாயைத் திறக்காதீங்க. மருந்தை எடுத்துத் தந்தது நான். நானே கெடுத்துட்டேன்னு சொல்லுதேன். ஆபீஸர் சொன்னது தப்புன்னு ஆயிட்டா, நாளைக்கு எந்த ஊருலயும் எந்த ஆபீஸர் சொன்னாலும் எடுபடாது. என் மேல நம்பிக்கை போனா ஒரு ஆளோட போச்சு.” நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டாமா? ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்க வேண்டாமா? சைக்கிளில் ஏறி மிதித்தேன்.

ஊர் நடுவில் நின்று அண்ணாச்சி சொன்னார். “தப்பு என்னுது. ஒங்க கையில போட்டது செத்த மருந்து. ஒருத்தர் ஒடம்புலயும் காவல் கிடையாது. மறுபடியும் கையைக் காட்டுங்க.” சொல்லி முடிப்பதற்குள் மண்ணாங்கட்டி வந்து விழுந்தது. தண்ணியைக் குத்த வச்சிட்டான், தண்ணிக்குத்து, தண்ணிக்குத்து என்று ஊர் எல்லை வரை விரட்டினார்கள். பட்டப்பெயர் பிறந்த கதை இதுதான்.

சனிக்கிழமை அண்ணாச்சி தனியாகப் போய் ஊர்க் கிணற்றடியில் உட்கார்ந்தார். மத்தியானம் வரை யாரும் வரவில்லை. பிறகு வள்ளித்தாய் குழந்தையோடு வந்து நின்றார். “தப்புன்னு ஒத்துக்கிட்ட ஆளு மறுபடி பொய் சொல்லமாட்டாருல்லா” என்று கையை நீட்டினார். தனக்கும் குத்திக்கொண்டு குழந்தைக்கும் குத்தச் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். அண்ணாச்சி கேட்டார், “சங்கிலி எங்க தாயி?”

“செக்போஸ்ட்டுலதான் கெடக்காரு. அங்கன கூட வேலை பாக்க ஆளுக்குப் பெரியம்மை போட்டுருக்கு. எல்லாரும் ஓடிட்டானுவளாம். செவ்வாக்கெழமை சாயங்காலத்துல இருந்து இவருதான் கஞ்சி ஊத்துதாரு. எனக்குத்தான் காவல் இருக்குன்னு இன்ஸ்பெக்டரு சொல்லிட்டாருல்லான்னு போனாரு.”

கேட்டீர்களா? செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் நாற்காலியில் உட்கார்ந்து சொன்ன சொல். சாயங்காலமே அதை நம்பி ஒரு மனிதர் நோயாளியின் பாயில் போய் உட்கார்ந்துவிட்டார்.

காய்ச்சல் விட்டு மூன்று நாள்கூட ஆகாத அண்ணாச்சி அப்படியே செங்கோட்டைக்குச் சைக்கிளை மிதித்தார். சங்கிலிப்பாண்டிக்கு அன்று சாயங்காலம் குத்தினார். ஐந்தாம் நாள். திருடன் நாலு நாளுக்கு முன்பே உள்ளே போய்விட்டான், இப்போது தம்பியின் முகத்தைக் காட்டி என்ன பயன்? ஒருநாள் இரண்டுநாள் முந்தியிருந்தால் உடம்பு ஜெயித்திருக்கலாம். இதுவும் அண்ணாச்சி சொன்னதுதான்.

அடுத்த சனிக்கிழமை எட்டாம் நாள். வள்ளித்தாயின் கையில் முத்துப் போலக் கொப்புளம் எழும்பி நின்றது. குழந்தைக்கும் நின்றது, அக்குளில் நெறியும் கட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சங்கிலிப்பாண்டிக்குக் காய்ச்சல் கண்டது. ஒரே ஒரு நாள் இடைவெளி. அதன் பிறகு அதே வீடு, அதே பாய். வள்ளித்தாய்தான் வேப்பிலையால் வருடிக்கொடுத்துக் கணவரைப் பார்த்துக்கொண்டார். குழந்தை அதே அறையில் தவழ்ந்தது. இருவர் உடம்பிலும் ஒரு முத்துக்கூடப் போடவில்லை. உடம்பின் காவல் என்றால் என்ன என்று என்னிடம் யாராவது கேட்டால், நான் புத்தகத்தைக் காட்ட மாட்டேன். அந்த வீட்டைக் காட்டுவேன். ஆலங்கிணற்றில் வேறு ஒருவருக்கும் நோய் வரவில்லை. செக்போஸ்ட் தோழரும் பிழைத்துக்கொண்டார். சங்கிலிப்பாண்டி பிழைக்கவில்லை.

துக்கம் கேட்கப் போனோம். வள்ளித்தாய் அழவில்லை. அண்ணாச்சியைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். “ரெண்டாவது குத்தை ஒழுங்கா குத்துனீரே, மொதக் குத்துக்கும் நல்ல மருந்தைக் குடுத்திருந்தா எம் புருசன் இருந்திருப்பாருல்லா?” அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். “ஆமா தாயி” என்று மட்டும் சொன்னார். நான் அவருக்குப் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு விசாரணை வந்தது. கவனக்குறைவாக மருந்தைக் கெடுத்ததற்கு விளக்கம் தருக என்று அண்ணாச்சிக்கு ஒரு மெமோ போயிற்று. அந்த மெமோவில் இருக்கிற கையெழுத்து என்னுடையது. அவருக்கு வரவேண்டிய சூப்பர்வைசர் உத்தியோகம் வரவில்லை. எனக்கு வரவேண்டிய முதல் கிரேடு இன்ஸ்பெக்டர் உயர்வு வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று கேட்டிருக்கிறேன். ஒரே ஆபீசில், எதிரெதிர் மேஜையில் அதைப் பார்த்தவன் நான்.

ஒன்பது வருஷம் அண்ணாச்சி அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் போன வருஷம் ஒன்று நடந்தது. முப்பிடாதிக்கு எட்டு வயது முடிந்துவிட்டது என்று மறுகுத்துக் குத்தப் போனார். எட்டாம் நாள் வரை காத்திருக்கவில்லை, மூன்றாம் நாளே போய்ப் பார்த்தார். சின்னதாக ஒரு தடிப்பு எழும்பி, அதற்குள் அடங்கத் தொடங்கியிருந்தது. அண்ணாச்சி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, “பாத்தியா தாயி, எட்டு வருசமாச்சு. ஒடம்பு மறக்கல” என்றாராம். அதற்கு வள்ளித்தாய் சொன்னாராம், “ஒடம்பு மறக்க வேண்டாம் அண்ணாச்சி, அது மறந்தா ஆபத்து. மனசு மறந்துட்டுது. நீங்க இனிமே எங்க வீட்டுல தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்காதீங்க.”

இதை அண்ணாச்சி ஆபீசுக்கு வந்து என்னிடம் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு நெஞ்சு எரிந்தது. அந்த மன்னிப்பு எனக்கு வந்திருக்க வேண்டியது. அதைக் கேட்க எனக்கு வாயில்லை. செய்யாத குற்றத்துக்கு அவர் வாங்கிக்கொண்டு வந்தார்.

இன்றைக்கு இந்தக் கூட்டத்துக்கு வருவதற்கு முன்னால் அண்ணாச்சியின் மனைவி உலகம்மை மதினியிடம் போனேன். “மதினி, நான் எல்லாத்தையும் சொல்லிரலாம்னு பாக்கேன். அண்ணாச்சி சொல்லக் கூடாதுன்னு இருந்தாரு. என்ன செய்ய?” என்று கேட்டேன். மதினி நிமிர்ந்து பார்த்தார்கள். “சொல்லக் கூடாதுன்னு அவுக எங்கிட்டதான் சத்தியம் வாங்குனாக. ஒங்ககிட்ட வாங்கலையே. ஒம்போது வருசமா ஒங்களை யாரு தடுத்தா?” என்றார்கள். உண்மைதானே. யார் தடுத்தார்கள்?

ஆகவே தலைவர் அவர்களே, சபையோர்களே, மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பொறுப்பு யார்? ஐம்பத்தெட்டாம் வருஷத்து ரிஜிஸ்தரைக் கொண்டுவந்திருக்கிறேன். இன்றைக்குக் காலையில் அதில் சிவப்பு மையால் எழுதினேன். மருந்தைக் கெடுத்தவர், குத்தியவர், காவல் இருக்கிறது என்று பொய் சொன்னவர், மூவரும் ஒருவரே, ஹெல்த் இன்ஸ்பெக்டர் நாறும்பூநாதன். இதைத் தலைவர் கையில் ஒப்படைக்கிறேன். நாளைக்கு மேலிடத்துக்கும் எழுதுவேன். அவர்கள் செய்வதைச் செய்யட்டும். இந்த ஊரிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. தண்ணிக்குத்து என்ற பெயரை இனி அண்ணாச்சியின் பெயரோடு சேர்க்காதீர்கள். சிரிப்பதற்குக்கூடச் சேர்க்காதீர்கள். அது என் பெயர். என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

ஞானபாக்கியம் அம்மா, நீங்கள் அழ வேண்டாம். தெரியாமல் சொன்னீர்கள். யாரும் எழுந்திருக்க வேண்டாம். இன்னும் இரண்டே வார்த்தை.

வருகிற செவ்வாய்க்கிழமை ஆலங்கிணற்றில் பிறந்திருக்கும் புதுக் குழந்தைகளுக்கு அம்மை குத்த வேண்டும். அண்ணாச்சி குறித்து வைத்திருந்த தேதி. அவருடைய இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. நானே வருகிறேன். அருவிப் பக்கம் போக மாட்டேன், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வருவேன். அதற்கு அடுத்த செவ்வாயும் வருவேன். உத்தியோகத்தை எடுத்துவிட்டாலும், குத்துகிறவர் பின்னால் வந்து கை பார்ப்பேன். கால் நடக்கிறவரை எந்த ஊரில் குத்தினாலும் எட்டாம் நாள் அந்த வாசலில் நிற்பேன். இதுதான் என் அஞ்சலி. மலர் வளையம் வாங்கிவரவில்லை.

வள்ளித்தாய், என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க மாட்டேன். நீங்கள் ஒருமுறை கொடுத்துவிட்டீர்கள், கொடுக்க வேண்டிய நல்லவரிடம் கொடுத்தீர்கள். உங்கள் வீட்டுக் கதவை நான் தட்ட மாட்டேன். வெளியே நிற்பேன், தலையைக் குனிந்துகொண்டு, அண்ணாச்சி நின்ற இடத்தில்.

அண்ணாச்சி, நீங்கள் போனது போன செவ்வாய்க்கிழமை. இன்றைக்கு எட்டாம் நாள். நீங்கள் வந்து கேட்கிற நாள். ஒன்பது வருஷம் மூடி வைத்திருந்தேன். இதோ, என் கை.